காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக வழக்குப் போடுவது எப்படி? இலங்கையில் உள்ள பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

"நாங்கள் கொண்டுபோகவில்லை."

பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் நின்ற தாய் தகப்பன் எல்லோருக்கும் கிடைத்த பதில் இது. வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு முதல் தவணையிலும் இதையே சொல்லும், பத்து வருடம் கழித்துக் கடைசித் தவணையிலும் இதையே சொல்லும். ஆகவே நீங்கள் தேடிச் சேர்க்கும் ஒவ்வொரு துண்டுக் கடதாசியும் இந்த ஒரு வசனத்தை உடைக்கத்தான். பிள்ளை கடைசியாக யாருடைய கையில் இருந்தது என்று காட்ட முடிந்தால் வழக்கு நிற்கும். அதற்குப் பிறகு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. அதைச் சொல்லவேண்டிய கடமை அவர்களுடையது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். 1990இல் திருகோணமலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும், 1996இல் யாழ்ப்பாணத்தில் பறிகொடுத்தவருக்கும், 2008இல் கொழும்பில் வெள்ளை வானுக்குக் கொடுத்தவருக்கும், போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையால் ஒப்படைத்தவருக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் வேலை: கடைசியாகப் பார்த்த கணத்தை எழுதிவைப்பது

சட்டத்தரணியிடம் போகமுன்னரே இதைச் செய்யுங்கள். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த நாளை மட்டும் எழுதுங்கள். அதற்கு முந்திய வாழ்க்கையும் பிந்திய அலைச்சலும் வேறு பக்கத்துக்குரியவை. இந்தப் பக்கத்தில் இடம், நாள், பொழுது, யார் யார் நின்றார்கள், பிள்ளை என்ன உடுத்தியிருந்தது, கொண்டுபோனவர்களின் சீருடை என்ன நிறம், என்ன மொழி பேசினார்கள், என்ன வாகனம், எந்தப் பக்கம் போனது என்பவை மட்டும் இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

சின்ன விபரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருகோணமலைத் தகப்பனார் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1990 ஜூனில் ஒரு சுற்றிவளைப்பின்போது அவருடைய மகனை இராணுவம் கொண்டுபோனது. ஒரு வருடத்துக்கு மேல் மகனைக் காணவில்லை. 1991 அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் அவர் தான் வேலை செய்த மருந்துக்கடையில் நின்றபோது, மஞ்சள் நிற இராணுவ வாகனம் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிகாரி ஒருவர் இறங்கி உள்ளே வந்து ஃபோட்டோக் கொப்பி எடுக்கவேண்டும் என்றார். தகப்பனார் வெளியே பார்த்தார். வாகனத்துக்குள் இருந்து மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கிட்டப் போகப் பார்க்க, வரவேண்டாம் என்று மகன் தலையால் சைகை காட்டினான். வாகனம் போய்விட்டது. அந்தத் தகப்பனார் அதன் இலக்கத்தை மனதில் எழுதிக்கொண்டார்.

அந்த நிறமும் இலக்கமும் நேரமும் முறைப்பாடுகளில் ஏறி, கடைசியில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் தீர்மானத்திலும் பதிவாகின. 2003இல் அந்தக் குழு அவர் பக்கம் தீர்மானித்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு அந்த மருந்துக்கடை வாசலை மறக்கவேண்டாம். அப்படி ஒரு கணம் உங்களுக்கும் இருக்கும். அதை எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் கூட நின்றவர்களைத் தேடுங்கள். சாட்சி என்றவுடன் பலர் பயப்படுவார்கள். அதற்காக அவர்களுடன் கோபிக்கவேண்டாம். இன்று வராவிட்டாலும் அவர் பெயரையும் இருக்கும் இடத்தையும் குறித்துவையுங்கள். பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அங்கிருந்தபடியே சத்தியக்கடதாசி அனுப்ப முடியும். அதை யார் முன்னால் கையொப்பமிடவேண்டும் என்று சட்டத்தரணி சொல்வார்.

கோவை

வழக்குக்காக அலையும் அம்மாமார் எல்லோரிடமும் ஒரு பை இருக்கும். உள்ளே பிள்ளையின் படம், பிறப்புச் சான்றிதழ், செஞ்சிலுவைச் சங்கத் துண்டு, பழைய கடிதங்கள், எல்லாம் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருக்கும். மூலப் பிரதியை இப்படிக் கொண்டு திரியவேண்டாம். எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில், ஒன்றை சட்டத்தரணியிடம், ஒன்றை ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். கைபேசியில் படம் பிடித்து, வெளிநாட்டில் உள்ள உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். மூலம் பொலித்தீன் உறைக்குள் அலுமாரியில் கிடக்கட்டும்.

கோவையில் என்னென்ன இருக்கவேண்டும் என்றால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இருந்தால் அதன் பிரதி, பாடசாலைப் பதிவு, ஆண்டு தெரியும் படங்கள், பின்னர் மருத்துவ அடையாளங்கள். பல் கட்டியது, எலும்பு முறிந்து தகடு வைத்தது, தழும்பு எல்லாம் எழுதுங்கள். இது மனதுக்குக் கஷ்டமான பக்கம். ஆனாலும் எழுதுங்கள்.

அதற்கு மேலே இதுவரை கொடுத்த எல்லா முறைப்பாடும் நாள் வரிசையில் வரவேண்டும். பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், 2010இல் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழு என்று நீங்கள் ஏறி இறங்கிய எல்லா இடமும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் உங்களுக்காக எழுதியிருப்பார். ஒன்றில் மே 17, இன்னொன்றில் மே 18. ஒன்றில் "கடத்தப்பட்டார்", இன்னொன்றில் "சரணடைந்தார்". அரச சட்டத்தரணி முதலில் தேடுவது இதைத்தான். ஆகவே எல்லாப் பிரதிகளையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், தெரியாவிட்டால் படிப்பியுங்கள். பிழை இருந்தால் மறைக்கவேண்டாம். எது சரி, மற்றது எப்படிப் பிழையாக எழுதப்பட்டது என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். முதலே சொன்ன பிழை சிறிய பிழை. குறுக்கு விசாரணையில் பிடிபட்ட பிழையைப் பொய் என்பார்கள்.

முறைப்பாடு: புதிதாக நடந்தது என்றால் ஒரு மாதம்தான் இருக்கிறது

இது இன்று நேற்று நடந்தது என்றால் நேரத்தை விடவேண்டாம். முதலில் பொலிஸ் நிலையம். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால், மறுத்தவரின் பெயரையோ இலக்கத்தையோ, நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதே முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் பொறுப்பதிகாரிக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் அனுப்புங்கள். தபால் துண்டு கோவைக்குள் போகட்டும். முறைப்பாட்டை எடுத்தால் பதிவு இலக்கத்தையும் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்டால், தமிழில் வாசித்துக்காட்டும்வரை போடவேண்டாம். தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அன்றே அல்லது மறுநாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். இதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவிடம் கடிதம் வாங்கி வையுங்கள். அது இல்லாமல் போனவர்களின் மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன.

பழைய சம்பவம் என்றால் இந்த வாசல் அநேகமாக மூடிவிட்டது. கவலைப்படவேண்டாம், பெரிய வாசல் வேறு.

ஆட்கொணர்வு மனு

காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோருக்கு இலங்கைச் சட்டத்தில் உள்ள முக்கியமான ஆயுதம் இது. "இவரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், கொண்டுவந்து மன்றில் நிறுத்துங்கள்" என்று கேட்பது. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடலாம். 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். அந்த மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்ட ஆளாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. என்னைக் கேட்டால் வடக்குக் கிழக்கில் உள்ளவர்களுக்கு மாகாண மேல் நீதிமன்றம்தான் நல்லது. வழக்கு தமிழில் நடக்கும், நீங்களே கேட்டு விளங்கலாம், கொழும்புக்கு பஸ் பிடிக்கத் தேவையில்லை. சம்பவம் எந்த மாகாணத்தில் நடந்தது, பிள்ளையை எங்கே கொண்டுபோனார்கள் என்பதைப் பார்த்துச் சட்டத்தரணி முடிவு செய்வார்.

இதற்கு ஒரு மாதக் கெடு கிடையாது. ஆனால் ஏன் இத்தனை வருடம் பொறுத்தீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். பயத்தில் இருந்தோம், முகாமில் அடைபட்டுக் கிடந்தோம், இந்த இந்த ஆணைக்குழுக்களின் வாசலில் நின்றோம் என்று ஒவ்வொரு வருடத்துக்கும் பதில் மனுவிலேயே இருக்கவேண்டும். மேலே சொன்ன நாள் வரிசைக் கோவை இங்கேதான் உதவும். நாவற்குழியில் 1996இல் இராணுவம் பிடித்துச் சென்று காணாமல் ஆக்கப்பட்ட 24 இளைஞர்களில் சிலர் தொடர்பாக 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டன. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகும் போடலாம் என்பதற்கு அது சாட்சி.

மனுவுடன் உங்கள் சத்தியக்கடதாசி இணைக்கப்படும். அதுதான் வழக்கின் இதயம். "இராணுவத்தினர் கடத்தினர்" என்ற ஒரு வரி போதாது. எந்த முகாம், எந்தப் படைப்பிரிவு, யார் பொறுப்பு என்று முடிந்தவரை குறிப்பாக எழுதுங்கள். எதிர் மனுதாரர்களாக அந்த முகாமின் கட்டளை அதிகாரி, இராணுவத் தளபதி, பொலிஸ் என்றால் பொறுப்பதிகாரி, பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர் ஆகியோரைச் சேர்ப்பது வழக்கம். ஆளின் பெயர் தெரியாவிட்டால் பதவியின் பெயர் போதும்.

அப்புறம் நடப்பது இது. மேல் நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் அனுப்பும். அவர்கள் மறுப்பார்கள். நீதிமன்றம் பெரும்பாலும் சம்பவம் நடந்த இடத்து நீதவான் நீதிமன்றத்தை விசாரித்து அறிக்கை தருமாறு கேட்கும். வருடங்கள் கரையும் இடம் இதுதான். நீதவான் மாற்றலாகிப் போவார், அரச சட்டத்தரணி தவணை கேட்பார், சாட்சியான அதிகாரி வெளிநாட்டுப் பயிற்சியில் இருப்பார். ஒவ்வொரு தவணையையும் கொப்பியில் எழுதுங்கள்: நாள், யார் வந்தார்கள், ஏன் ஒத்திவைத்தார்கள், அடுத்த நாள் எப்போது. வழக்கு எப்படி இழுபட்டது என்பதற்கான ஆதாரம் அது. பின்னால் ஜெனீவாவுக்குப் போனால் அந்தக் கொப்பி பெறுமதியானது.

குறுக்கு விசாரணைக்குத் தயாராகுங்கள். "அப்போது எத்தனை மணி அம்மா? மணிக்கூடு கட்டியிருந்தீர்களா? சனத்துக்குள் அவ்வளவு தூரத்தில் நின்றவர் உங்கள் மகன்தான் என்று எப்படித் தெரியும்?" இப்படித்தான் கேட்பார்கள். ஷெல் விழுந்த இடத்தில் மணி பார்த்தவர் யார்? ஆத்திரம் வரும், கண் கலங்கும். கலங்கினால் பரவாயில்லை. தண்ணீர் கேளுங்கள், நேரம் எடுங்கள். ஆனால் தெரியாத மணியைச் சொல்லவேண்டாம். "மணி தெரியாது, வெயில் உச்சிக்கு வந்திருந்தது" என்பது நல்ல சாட்சியம். "காலை 10.15" என்று சொல்லி, இன்னொரு ஆவணத்தில் மத்தியானம் என்று இருந்தால் அத்தனையும் அடிபட்டுப் போகும். சாட்சியம் சொல்வதற்கு முந்திய நாள் உங்கள் சத்தியக்கடதாசியை யாராவது உங்களுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு என்ன கிடைக்கும்? நேர்மையாகச் சொல்லவேண்டும். பிள்ளை கிடைத்த தீர்ப்பு என்று ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் உண்மை பதிவான தீர்ப்புகள் உண்டு. 2009 மே 18இல் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்த விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல்துறைப் பொறுப்பாளர் எழிலனுக்காக அவருடைய மனைவி அனந்தி சசிதரன் 2013இல் ஆட்கொணர்வு மனுப் போட்டார். முல்லைத்தீவு நீதவான் விசாரணை நடந்து, 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் அவரை முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்கு உத்தரவிட்டது. ஒன்பது வருடம். "எங்களிடம் சரணடையவே இல்லை" என்ற பேச்சை ஒரு நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது அந்தக் குடும்பத்தோடு மட்டும் நிற்கும் விடயமில்லை. உங்கள் பிள்ளையும் அதே இடத்தில் சரணடைந்தது என்றால் அந்தத் தீர்ப்பின் பிரதியை உங்கள் சட்டத்தரணியின் மேசையில் வையுங்கள்.

இன்னொன்று தெற்கில் நடந்தது. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் திக்வெல்லையில் காணாமல் போனவர்களுக்காகப் போட்ட மனுவில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1994இல் தீர்ப்புச் சொன்னது. பொலிஸ் பொறுப்பதிகாரி பிடித்துச் சென்றார் என்பது நிரூபிக்கப்பட்டது, ஆளைக் கொண்டுவர முடியவில்லை. அதற்காக வழக்கை மூடாமல், மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபா கொடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. காசைவிட அந்தத் தீர்ப்பின் நியாயம் பெரிது. ஆளை ஒளித்துவிட்டு "இல்லை" என்று சொன்னால் ஆட்கொணர்வு மனு செத்துப்போகாது. உங்கள் மனுவில் இப்படியான செலவுத்தொகையையும், குற்றவியல் விசாரணைக்கு அனுப்பவேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு குறிப்பு. பிள்ளையை விடுதலைப் புலிகள் இயக்கம் கட்டாயமாகச் சேர்த்தது, அதற்குப் பிறகு காணவில்லை என்றால் இந்த மனு அப்படியே பொருந்தாது. பிள்ளை பின்னர் சரணடைந்ததையோ தடுப்பில் இருந்ததையோ கண்டவர்கள் இருந்தால் பொருந்தும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில், வட்டுவாகலில், தடுப்பு முகாமில் யாராவது கண்டார்களா என்று தேடுங்கள். அப்படி ஒருவரும் இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளையும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைதான். கீழே சொல்லும் மற்ற வழிகளில் சில உங்களுக்கும் திறந்திருக்கின்றன.

குற்றவியல் வழக்கும் 20 வருடக் கணக்கும்

ஆட்கொணர்வு மனு பிள்ளையைக் கேட்பது. குற்றவாளியைத் தண்டிப்பது வேறு வழக்கு, அதை நடத்துவது அரசு. தண்டனைச் சட்டக் கோவையின் 355ஆம் பிரிவு கொலை செய்யும் நோக்கில் கடத்துவது, 356ஆம் பிரிவு மறைத்துத் தடுத்து வைக்கும் நோக்கில் கடத்துவது. எம்பிலிப்பிட்டியவில் 1989–90இல் காணாமல் போன சுமார் 50 பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் விடாமல் துரத்தி, 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தில் பாடசாலை அதிபரும் இராணுவத்தினர் சிலரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். மேல்மட்ட அதிகாரி விடுதலையானார். ஆனாலும் இந்த நாட்டு நீதிமன்றத்தில் பெற்றோர் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

வலிந்து காணாமல் ஆக்குதல் என்பதையே ஒரு தனிக் குற்றமாக 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஆக்கியது. 20 வருடம்வரை சிறை. பழைய சம்பவங்களுக்கு அது செல்லுமா என்பதில்தான் சண்டை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லும்வரை குற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்பது எங்கள் பக்க வாதம். இது பற்றிய ஐ.நா.வின் 1992 பிரகடனமும், இலங்கை 2016இல் ஏற்ற சமவாயமும் அந்த வாதத்தைத் தாங்குகின்றன.

இந்த வழிகாட்டியில் நான் அடிக்கோடிட விரும்பும் விடயம் இனித்தான் வருகிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவின்படி, கொலையும் இராசத் துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடத்துக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது. 2009 மே மாதத்தோடு 20ஐக் கூட்டிப் பாருங்கள். 2029 மே. கொலைக்குக் காலத்தடை இல்லை, தொடரும் குற்றம் என்ற வாதமும் இருக்கிறது. ஆனாலும் கடத்தல் குற்றச்சாட்டு எதிர்த்தரப்பின் கைக்குள் போகாமல் இருக்க, இப்போதே சட்டத்தரணியைக் கொண்டு பொலிஸ் மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் எழுத்தில் விசாரணை கோருங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டல் கடிதம், அதற்கும் பதில் இல்லாவிட்டால் நீதிமன்றம். இதைத் தள்ளிப்போடவேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பாவியுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். சரணடைந்தோர் பதிவு, முகாமின் அன்றைய பொறுப்பதிகாரி, உங்கள் முறைப்பாட்டின் நிலை என்று குறுகிய, தெளிவான கேள்விகளாகக் கேளுங்கள். சாதாரணமாக 14 வேலை நாட்களில் பதில் வரவேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. "அப்படிப் பதிவு எதுவும் எங்களிடம் இல்லை" என்ற பதில்கூட ஒரு ஆவணம். பின்னர் அவர்களே ஒரு பதிவோடு மன்றுக்கு வந்தால் அந்தப் பதிலைக் காட்டலாம்.

காணாமற்போனோர் அலுவலகமும் சான்றிதழும்

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்த அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அது நீதிமன்றம் இல்லை. அதன் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றப் பொறுப்போ குடியியல் பொறுப்போ வராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் போராட்டத்துக்கு உட்கார்ந்த அம்மாமாரில் பலர் அந்த அலுவலகத்தின் படியை மிதிக்கமாட்டோம் என்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. போவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. போனால் எழுத்தில் கொடுங்கள், சீல் வைத்த பிரதி வாங்குங்கள், வாசிக்காத எதிலும் கையொப்பமிடவேண்டாம்.

மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அலுவலகத்தில் சொல்வார்கள், சொந்தக்காரர்கூடச் சொல்வார்கள். கட்டாயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி காணாமல் போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். வங்கிக் கணக்கு, காணி, பேரப்பிள்ளையின் பாதுகாப்பு போன்ற அலுவல்களுக்கு அது உதவும். பிள்ளை இறந்துவிட்டது என்று அது சொல்லாது, வழக்கையும் மூடாது.

கொடுப்பனவும் அப்படித்தான். 2019இல் மாதம் 6,000 ரூபா, 2022இல் ஒருதடவைக் கொடுப்பனவு என்று அரசு அறிவித்தது. வாங்குவது வெட்கமும் இல்லை, துரோகமும் இல்லை. வயிற்றுப்பாடு இருக்கிறது. ஆனால் "இத்துடன் என் கோரிக்கை முடிந்தது" என்ற கருத்தில் எந்தப் படிவமாவது இருந்தால் சட்டத்தரணிக்குக் காட்டாமல் தொடவேண்டாம்.

ஜெனீவாவுக்கு இரண்டு பாதை

முதலாவது, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, உள்நாட்டு வழக்கு முடிந்திருக்கவேண்டும் என்றும் இல்லை. பிள்ளையின் முழுப்பெயர், நாள், இடம், அரச படையோ அவர்களோடு இயங்கியவர்களோ கொண்டுபோனார்கள் என்பதற்கான காரணம், இதுவரை எடுத்த முயற்சிகள், குடும்பத்தின் சம்மதம், இவ்வளவும் போதும். செயற்குழு அரசிடம் கேட்கும். தீர்ப்புச் சொல்லாது. ஆனால் உங்கள் பிள்ளையின் பெயர் அரசால் அழிக்க முடியாத ஒரு பட்டியலில் ஏறும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், அதற்கு உதவி எடுங்கள்.

இரண்டாவது, மனித உரிமைகள் குழு. அந்த மருந்துக்கடைத் தகப்பனார் போன பாதை. இதற்கு உள்நாட்டு வழிகளை முயன்றிருக்கவேண்டும், அல்லது அவை நியாயமில்லாமல் இழுபடுகின்றன என்று காட்டவேண்டும். தவணைக் கொப்பி பெறுமதியானது என்று சொன்னேனே, இங்கேதான். இலங்கை இந்த முறைப்பாட்டு வழியை ஏற்றது 1997இல், சம்பவம் நடந்ததோ 1990இல். மீறல் தொடர்கிறது என்று சொல்லி 2003இல் குழு வழக்கை ஏற்றுத் தீர்மானித்தது. மகனின் உரிமை மட்டுமில்லை, தெரியாமல் தவித்த தாய் தகப்பனின் தவிப்பும் கொடூரமாக நடத்தப்படுவதற்கு எதிரான உரிமையின் மீறல் என்றது. இன்னொன்றையும் சொன்னது. மகன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையைத் தகப்பனார் விடவில்லை, ஆகவே மகன் இறந்துவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்வது முறையில்லை என்றது. மரணச் சான்றிதழைக் கையில் திணிக்க வருபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தீர்மானத்தை இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை. 2006இல் உயர் நீதிமன்றம், இந்த முறைப்பாட்டு வழியை ஏற்றதே அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றும் சொல்லிவிட்டது. தெரிந்துகொண்டே போங்கள். இருந்தாலும் போங்கள்.

புதைகுழி என்று செய்தி வந்தால்

மன்னார், கொக்குத்தொடுவாய், செம்மணி. ஒவ்வொரு முறை கிண்டும்போதும் வீட்டில் சோறு இறங்காது. நீதவானின் மேற்பார்வையில்தான் அகழ்வு நடக்கும். உங்கள் பிள்ளை காணாமல் போன இடத்துக்குக் கிட்ட என்றால், பாதிக்கப்பட்ட குடும்பமாக உங்கள் சட்டத்தரணி அந்த வழக்கில் முன்னிலையாக முடியுமா என்று கேளுங்கள். செம்மணியில் 2025இல் பிள்ளையின் எலும்போடு பாடசாலைப் பையும் பொம்மையும் வந்தன. எடுத்த பொருட்களைச் சனம் பார்த்து அடையாளம் சொல்ல நீதிமன்றம் ஒழுங்கு செய்தது. தனியாகப் போகவேண்டாம். பிள்ளையின் உடுப்பு, செருப்பு, சங்கிலி பற்றி முதலே எழுதி வைத்ததைக் கையில் கொண்டுபோங்கள். பார்த்த பிறகு எழுதினால் நம்பமாட்டார்கள்.

வீட்டுக்கு வருபவர்கள்

சிவில் உடுப்பில் வந்து, "யார் காசு தருகிறார்கள், எந்த அமைப்பு" என்று கேட்பார்கள். பெயர், அடையாள அட்டை, என்ன அலுவலாக வந்தார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் அழைப்பு இல்லாமல் எங்கும் போகவேண்டாம். போகவேண்டி வந்தால் சட்டத்தரணியோடு போங்கள். வந்த நாளையும் நேரத்தையும் அதே கொப்பியில் எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பயமுறுத்தல் நடந்தால் அதன் கீழும் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் உங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும், அங்கே கேளுங்கள்.

உங்களுக்குப் பிறகு

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். வழக்கு முடியமுன் கண்மூடிய அம்மாமாரும் அப்பாமாரும் எத்தனையோ பேர். மனுதாரர் இறந்தால் வழக்கு தானாகச் செத்துப்போகக் கூடாது. ஆட்கொணர்வு மனுவை ஆளின் சார்பில் வேறொருவரும் கொண்டுசெல்லலாம். ஆகவே ஆரம்பத்திலேயே பிள்ளையின் சகோதரம் ஒருவரையும் வழக்குக்குள் கொண்டுவரும் வழியைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வயதான, சுகமில்லாத சாட்சி இருந்தால் அவருடைய சாட்சியத்தை முதலில் எடுக்கும்படி நீதவானிடம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மன்றில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொன்ன சாட்சியத்தை, சொன்னவர் இறந்த பிறகும் பயன்படுத்தச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டில் இருந்து சொன்ன கதைக்கு அந்தப் பலம் இல்லை.

அப்புறம் அந்தக் கொப்பியை இளைய பிள்ளையின் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடக்குகிறது, எந்தப் பெயர் விளங்கவில்லை, எந்த நாள் விடுபட்டிருக்கிறது என்று பக்கத்தில் இருந்து திருத்துங்கள். வாசித்து முடித்ததும் கீழே இருவரும் கையொப்பமிட்டு, அன்றைய திகதியைப் போடுங்கள்.